எல்லை கடக்கும்போது அறுந்துபோகும் செஷன்: ஆய்வறிக்கைக்கு எப்படிப் பதில் எழுதுவது?

கேள்வி: நாங்கள் மூவர் சேர்ந்து கொழிஞ்சாம்பாறையில் ஒரு சிறு ஸ்டார்ட்அப் நடத்துகிறோம். சித்தூர் வட்டாரத்திலிருந்து கோவை மருத்துவமனைகளுக்குச் செல்லும் ஆம்புலன்ஸ்களில் பொருத்துவதற்காக, நோயாளியின் இ.சி.ஜி.யையும் கேமராக் காட்சியையும் 5ஜி வழியாக எட்ஜ் சர்வருக்கு (பயனருக்கு அருகிலேயே வைக்கப்பட்ட சர்வருக்கு) அனுப்பும் கருவி ஒன்றைச் செய்திருக்கிறோம். வேலந்தாவளத்திலோ வாளையாரிலோ எல்லையைக் கடக்கும்போது கேரள வட்டத்து நெட்வொர்க்கிலிருந்து தமிழ்நாட்டு வட்டத்துக்குக் கருவி மாறுகிறது. அப்போது செஷன், அதாவது கருவிக்கும் நெட்வொர்க்குக்கும் இடையிலான தொடர் இணைப்பு, அறுந்து, சில விநாடித் தரவு தொலைந்துபோகிறது. இதற்கு நாங்கள் கண்ட தீர்வுக்காக 2023 பிப்ரவரியில் தற்காலிக விவரக்குறிப்பையும், ஓராண்டு முடிவதற்குள் முழு விவரக்குறிப்பையும் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்தோம். இப்போது வந்திருக்கும் முதல் ஆய்வறிக்கை எங்களுக்கே உரியவை என்று நாங்கள் வரையறுத்துக் கேட்ட பத்து உரிமைக்கோரல்களையும் ஏற்கவில்லை. மொபைல் நெட்வொர்க் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் டி.எஸ். 23.548 ஆவணத்தில் எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது, புத்தாக்கப் படி (துறையில் தேர்ந்தவருக்கு எளிதில் தோன்றாத முன்னேற்றம்) இல்லை, காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(கே)-இன்படி இது வெறும் கணினி நிரல், உரிமைக்கோரல்கள் தெளிவாக இல்லை என்கிறார்கள். ஆனால் ஆய்வாளர் காட்டியிருப்பது அந்த ஆவணத்தின் வெளியீடு 18-ஐச் (தரநிலைகள் தொகுதி தொகுதியாக வரும் வரிசையில் 18-ஆவதை) சேர்ந்த, எங்கள் தேதிக்குப் பிந்தைய ஒரு பதிப்பு. அதைச் சுட்டிக்காட்டி வென்றுவிடலாமா? அல்லது விண்ணப்பத்தை விட்டுவிடுவதே மேலா? பின்னர் செய்த ஒரு மேம்பாட்டை இதே விண்ணப்பத்தில் சேர்க்க முடியுமா?

பதில்:

அன்புடையீர்,

நீங்கள் அனுப்பிய விவரக்குறிப்பையும் ஆய்வறிக்கையையும் வரிவரியாகப் படித்தேன். விண்ணப்பத்தைக் கைவிட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தேதியை மட்டும் பிடித்துக்கொண்டு வாதாட வேண்டாம் என்பதும் அதே அளவு உறுதியான கருத்து. உங்கள் பத்து உரிமைக்கோரல்களில் எழுதப்பட்டிருப்பதில் பெரும்பகுதி, நீங்கள் விண்ணப்பிப்பதற்கு முன்பே பொதுவில் வெளியானது. உங்களுக்கே உரியதாக நான் காண்பது உரிமைக்கோரல்களில் எங்கும் இல்லாமல், விவரக்குறிப்பின் பதினான்காம் பக்கத்தில் ஒரு பத்தியாகவும் ஐந்தாம் வரைபடமாகவும் ஒதுங்கிக் கிடக்கிறது. வாதத்தை அதன்மேல் நிறுத்த வேண்டும்.

முதலில், எவற்றை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் முதல் உரிமைக்கோரல், கருவியின் இருப்பிடத்தைப் பார்த்து செஷன்களை நிர்வகிக்கும் எஸ்.எம்.எஃப். என்ற நெட்வொர்க் உறுப்பு, தரவைக் கடத்தும் யு.பி.எஃப்.-களில் அருகிலுள்ளதைத் தேர்ந்தெடுத்து, இடையில் ஓர் அப்லிங்க் கிளாசிஃபையரை நுழைத்து, எட்ஜ் சர்வருக்குரிய ட்ராஃபிக்கை மட்டும் பிரித்து அனுப்புவதைச் சொல்கிறது. இது 5ஜி-யின் அடிப்படைக் கட்டமைப்பை விவரிக்கும் டி.எஸ். 23.501-இல், 2018-இல் முடிவான வெளியீடு 15 முதலே இருக்கிறது. கருவி சர்வரின் முகவரியைக் கேட்கும் டி.என்.எஸ். கேள்வியை நெட்வொர்க்கே இடைநின்று வாங்கி, அருகிலுள்ள சர்வரின் முகவரியைப் பெற்றுத்தருவதாக நீங்கள் இரண்டாம், மூன்றாம் உரிமைக்கோரல்களில் எழுதியிருப்பது, வெளியீடு 17 கொண்டுவந்த ஈ.ஏ.எஸ்.டி.எஃப். என்ற உறுப்பு செய்யும் வேலையேதான். பழைய இணைப்பை அறுக்கும் முன்பே புதியதை ஏற்படுத்துவதாகச் சொல்லும் நான்காவது, எஸ்.எஸ்.சி. மோட் 3 என்ற பெயரில் வெளியீடு 15-இலேயே வந்துவிட்டது. சர்வர் பக்கத்து அப்ளிகேஷன் 'சரி' என்று ஒப்புதல் தந்த பிறகே பாதையை மாற்றும் ஐந்தாவதும் ஆறாவதும்கூட டி.எஸ். 23.501-இல் இருக்கின்றன. ஏழாவது, புதிய சர்வர் ஆயத்தமாகும்வரை புதிய பக்கத்து யு.பி.எஃப். தரவைப் பிடித்துவைத்துக் காத்திருப்பது. தரவு இழப்பைக் குறைப்பதற்கான இதே ஏற்பாட்டை டி.எஸ். 23.548 தனிப் பகுதியாகவே விவரிக்கிறது. எட்டு முதல் பத்து வரையிலானவை இவற்றையே கருவி, அமைப்பு என்ற வடிவில் திரும்பச் சொல்கின்றன.

இவற்றையெல்லாம் நீங்கள் எந்த ஆவணத்தையும் பாராமல், ஆம்புலன்ஸுக்குள் உட்கார்ந்து, சிக்கலை நேரில் கண்டு சொந்தமாகவே சிந்தித்துக் கண்டடைந்திருப்பீர்கள் என்பதை நம்புகிறேன். உங்கள் விவரக்குறிப்பின் நடையிலேயே அது தெரிகிறது. ஆனால் காப்புரிமைச் சட்டம் யாரைப் பார்த்து எழுதினீர்கள் என்று கேட்பதில்லை. உங்கள் தேதிக்கு முன் அது பொதுவில் இருந்ததா என்று மட்டுமே கேட்கிறது. தனியாகச் சிந்தித்தோம் என்ற வாதத்தைப் பதிலில் எழுத வேண்டாம். அது ஆய்வாளருக்கு எந்தப் பயனும் தராது.

அடுத்தது தேதி. ஆய்வாளர் காட்டிய பதிப்பு உங்கள் தற்காலிக விவரக்குறிப்புக்குப் பிந்தையது என்பது உண்மை, அதைப் பதிலில் ஒரு வாக்கியத்தில் பதிவு செய்வதும் தவறில்லை. ஆனால் அந்த வாக்கியத்தை நம்பி மற்ற எதையும் திருத்தாமல் விட்டீர்களானால், விசாரணையில் நிற்க இடம் இருக்காது. 3ஜிபிபி ஆவணங்கள் ஒரே நாளில் பிறப்பவை அல்ல. டி.எஸ். 23.548-இன் முதல் பதிப்பு வெளியீடு 17-க்காக 2021-லேயே வந்தது, டி.என்.எஸ். பகுதியும் தரவைப் பிடித்துவைக்கும் பகுதியும் அந்த வெளியீட்டைச் சேர்ந்தவையே. வெளியீடு 18-இல் புதிதாகச் சேர்ந்தவற்றில் உங்களுக்கு மிக நெருக்கமானது, வேறொரு நெட்வொர்க்கில் ரோமிங்கில் இருக்கும் கருவி, சொந்த நெட்வொர்க்கோடு செஷனை வைத்துக்கொண்டே, வந்துசேர்ந்த இடத்தின் எட்ஜ் சர்வரையும் அடைவதற்கான ஏற்பாடு. வட்டம் மாறும்போது உங்கள் கருவியின் பதிவேட்டில் நெட்வொர்க் குறியீடு மாறுவது தெரிகிறது. ஆகவே இந்தப் பகுதி உங்கள் சிக்கலை அப்படியே தொடுகிறது. அதற்கான ஆய்வு டி.ஆர். 23.700-48 என்ற அறிக்கையாக 2022-இலேயே நடந்தது. அதன் வரைவுகளும், அதற்காக எஸ்.ஏ.2 என்னும் கட்டமைப்புக் குழுவின் கூட்டங்களில் நிறுவனங்கள் தாக்கல் செய்த முன்மொழிவுகளும், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி 3ஜிபிபி சர்வரில் கிடக்கின்றன. இவையெல்லாம் 2023 பிப்ரவரிக்கு முந்தையவை.

இன்று ஆய்வாளர் இவற்றைக் காட்டவில்லை என்பதால் நாளையும் காட்டமாட்டார் என்று எண்ணக்கூடாது. அவர் காட்டாவிட்டாலும், காப்புரிமை வழங்கப்படும் முன் பிரிவு 25(1)-இன் கீழ் எவரும் எதிர்ப்பு மனு கொடுக்கலாம். வழங்கப்பட்ட செய்தி வெளியான ஓராண்டுக்குள் பிரிவு 25(2)-இன் கீழ் அக்கறையுள்ள எவரும் கொடுக்கலாம். டெலிகாம் துறையில் இந்த ஆவணங்களை மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். எனவே பதில் எழுதத் தொடங்கும் முன், மேலே சொன்ன டி.ஆர். 23.700-48 அறிக்கையையும் 2022-ஆம் ஆண்டின் எஸ்.ஏ.2 கூட்ட முன்மொழிவுகளையும் நீங்களே உட்கார்ந்து தேடிப் படியுங்கள். தேடும்போது ஆவணத்தின் மேல் அச்சிட்ட தேதியைக் காட்டிலும், அது சர்வரில் ஏற்றப்பட்ட தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வேலையைக் காப்புரிமை முகவரிடம் மட்டும் விட்டுவிட வேண்டாம். உங்கள் தீர்வின் நுணுக்கம் தெரிந்தவர் கண்ணில் படும் வேறுபாடு, சட்டம் மட்டும் தெரிந்தவர் கண்ணில் படாது.

இனி அந்தப் பதினான்காம் பக்கம். வண்டி எல்லையைக் கடக்கும் ஒவ்வொரு முறையும், நோயாளியின் பதிவு பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு மாறி முடிய எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை எஸ்.எம்.எஃப். குறித்துவைக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வண்டி எல்லையை நெருங்கும்போது, அந்த நேரத்தையும், புதிய பக்கத்து யு.பி.எஃப்.-இல் அப்போது மிஞ்சியிருக்கும் சேமிப்பிடத்தையும் ஒப்பிட்டு, ஒவ்வொரு ஃப்ளோவுக்கும் (இ.சி.ஜி., கேமராக் காட்சி போன்ற ஒவ்வொரு தரவு ஓட்டத்துக்கும்) தனித்தனியே முடிவெடுக்கிறது. அந்த இடத்துக்குள் அடங்கும் ஃப்ளோ புதிய பக்கத்தில் காத்திருக்கிறது. அடங்காத ஃப்ளோ, தற்காலிக டன்னல் (தரவுக்கான தனிப்பாதை) வழியாகப் பழைய சர்வருக்கே திருப்பி அனுப்பப்படுகிறது. இந்த முடிவு, பாதை மாறுவதற்கு முன்னதாகவே, எஸ்.எம்.எஃப்.-ஐயும் யு.பி.எஃப்.-ஐயும் இணைக்கும் என்4 இடைமுகம் வழியாக யு.பி.எஃப்.-க்கு விதியாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

தரவைப் பிடித்துவைப்பது பழையது. இரண்டு யு.பி.எஃப்.-களுக்கு இடையே தற்காலிக டன்னல் போட்டுத் தரவைத் திருப்புவதும் பழையது. ஃப்ளோக்களுக்கு முன்னுரிமை தருவது 5ஜி-யில் முதல் நாளிலிருந்தே இருக்கிறது. ஆனால் இரண்டு வழிகளில் எதை, எந்த ஃப்ளோவுக்கு என்பதை, அளந்து வைத்த மாற்ற நேரத்தையும் மிஞ்சிய சேமிப்பிடத்தையும் கொண்டு முன்கூட்டியே தீர்மானிப்பதை நான் அறிந்த தரநிலைகளில் பார்த்ததில்லை. ஆய்வாளர் காட்டிய பத்திகளிலும் அது இல்லை. அங்கே விவரிக்கப்படுவது, ஆயத்தம் என்ற அறிவிப்பு வரும்வரை காத்திருக்கும் முறை. உங்களது, காத்திருக்க முடியுமா என்பதை வண்டி வரும் முன்பே கணித்து, முடியாதவற்றை வேறு வழியில் விடும் முறை. மூலத்தறை ரெகுலேட்டரின் மதகும் வாய்க்காலும் சித்தூர்க்காரர்கள் எல்லோரும் அறிந்தவை. என்றாலும், மேலிருந்து வரப்போகும் நீரை முன்னதாகக் கணக்கிட்டு எந்த மதகை எப்போது திறப்பது என்று ஒருவர் புதிய முறை வகுத்தால், மதகு பழையது என்று சொல்லி அந்த முறையைத் தள்ளிவிட முடியாது.

புத்தாக்கப் படி இல்லை என்ற தடைக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. ஆய்வாளர் அடுத்து என்ன கேட்பார் என்பதை எண்ணிப் பாருங்கள். பிடித்துவைத்தலும் டன்னலும் தெரிந்திருக்கும்போது, இரண்டையும் சேர்ப்பது இத்துறையில் தேர்ந்த எவருக்கும் எளிதில் தோன்றக்கூடியதுதானே என்பார். இதற்கு, சேர்த்தோம் என்று மட்டும் பதில் சொன்னால் தோற்றுப்போவீர்கள். சேர்ப்பதால் தனித்தனியே கிடைக்காத என்ன விளைவு கிடைக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். பிடித்துவைப்பதை மட்டும் செய்தால், கேமராக் காட்சி சேமிப்பிடத்தை நிரப்பிவிடுவதால் இ.சி.ஜி.யும் தொலைகிறது. டன்னலை மட்டும் செய்தால், எல்லாத் தரவும் எல்லைக்கு அப்பால் போய்த் திரும்புவதால், பழைய சர்வர் பதிவை ஒப்படைத்த பிறகு வரும் இ.சி.ஜி. அலைகள் யாரிடமும் சேராமல் போகின்றன. உங்கள் தீர்மான முறை இரண்டு இழப்புகளையும் ஒரே நேரத்தில் தவிர்க்கிறது. இந்தக் காரணகாரியம் உங்கள் விவரக்குறிப்பிலேயே, சற்றுச் சிதறலாக, இருக்கிறது. வேலந்தாவளத்தில் நீங்கள் எடுத்த அளவீடுகளைப் பதிலோடு இணைக்கலாம். அவை விவரக்குறிப்பின் பகுதியாகிவிட மாட்டா, ஆனால் சொன்ன விளைவு உண்மையில் நிகழ்கிறது என்பதற்குச் சான்றாக நிற்கும்.

இங்கே ஒன்றை உடனே சரிபார்க்க வேண்டும். பதினான்காம் பக்கத்துப் பத்தி தற்காலிக விவரக்குறிப்பிலும் இருந்ததா? ஒவ்வொரு உரிமைக்கோரலுக்கும் முன்னுரிமைத் தேதி (அதற்கு முன் பொதுவில் இருந்ததா என்று பார்க்கும் நாள்) தனித்தனியே பிரிவு 11-இன்படி கணக்கிடப்படுகிறது. அந்தப் பத்தி முழு விவரக்குறிப்பில்தான் முதன்முதலாக வந்தது என்றால், உங்கள் தேதி முழு விவரக்குறிப்பைப் பதிவு செய்த நாளாகிவிடும். அப்போது வெளியீடு 18-இன் பல பதிப்புகள் உங்களுக்கு முந்தையவையாகிவிடும். தேதியை வைத்து வாதிட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

திருத்தும்போது பிரிவு 59-ஐ மறக்கக்கூடாது. திருத்திய உரிமைக்கோரல் முழுவதும், திருத்தத்துக்கு முன்பிருந்த உரிமைக்கோரலின் எல்லைக்குள் அடங்கியிருக்க வேண்டும். ஆகையால் முதல் உரிமைக்கோரலை அழித்துவிட்டு, பதினான்காம் பக்கத்தைத் தனியே புதிய உரிமைக்கோரலாக எழுதினால், எல்லையை மீறிவிட்டீர்கள் என்று அதையே மறுப்பார்கள். முதல் உரிமைக்கோரலின் கூறுகளை அப்படியே வைத்துக்கொண்டு, ஏழாவதையும் அதனுடன் இணைத்து, அதன்மேல் இந்தத் தீர்மான முறையைக் கட்டுப்பாடாகச் சேருங்கள். உரிமையின் பரப்பு சுருங்கும், அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். சுருங்கினாலும், எல்லைகளில் எட்ஜ் சேவை தர விரும்பும் எவருக்கும் தேவைப்படக்கூடிய இடத்தில்தான் அது நிற்கிறது.

தெளிவில்லை என்ற தடை நியாயமானது. உங்கள் முதல் உரிமைக்கோரலில் கருவி ஒன்றைச் செய்கிறது, எஸ்.எம்.எஃப். ஒன்றைச் செய்கிறது, மருத்துவமனை சர்வர் ஒன்றைச் செய்கிறது. யாருடைய முறை இது என்று படிப்பவருக்குப் புரியவில்லை. காப்புரிமை கிடைத்த பிறகும் இது தொல்லையாகும், ஏனென்றால் எல்லாப் படிகளையும் ஒருவரே செய்யாதபோது யார் மீறினார் என்று நிலைநாட்டுவது கடினம். எஸ்.எம்.எஃப். என்ற ஒரே உறுப்பின் பக்கம் நின்று எழுதுங்கள்: அது எதைப் பெறுகிறது, எதை ஒப்பிடுகிறது, எந்த விதியை யாருக்கு அனுப்புகிறது. கருவியும் சர்வரும் அந்த வாக்கியங்களில் அனுப்புபவராகவோ பெறுபவராகவோ மட்டும் வரட்டும். எந்தப் பக்கத்து எஸ்.எம்.எஃப். என்பதையும் சொல்ல வேண்டும். எழுத்தில் இதைச் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள், ஆனால் ஐந்தாம் வரைபடத்தில் வந்துசேரும் பக்கத்து எஸ்.எம்.எஃப். என்று பெயரிட்டிருக்கிறீர்கள். வரைபடமும் விவரக்குறிப்பின் பகுதி என்பதால், அதை ஆதாரமாகக் காட்டித் துணிந்து சேர்க்கலாம்.

பிரிவு 3(கே) உங்களை மிகவும் அச்சுறுத்தியிருப்பது கடிதத்தில் தெரிகிறது. என் பார்வையில், நான்கு தடைகளில் இது கடுமையானதல்ல. கணித முறை, வணிக முறை, கணினி நிரல் என்ற அளவிலேயே நிற்பது, அல்காரிதம் ஆகியவை கண்டுபிடிப்புகள் ஆகா என்பதே அந்தப் பிரிவு. காப்புரிமை அலுவலகம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் புதுமையான ஹார்டுவேர் இருக்க வேண்டும் என்று கேட்டன. 2017-இல் திருத்தியபோது அந்த நிபந்தனை நீங்கியது. 2019 டிசம்பரில் ஃபெரித் அல்லானி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், கணினி நிரலை அடிப்படையாகக் கொண்ட கண்டுபிடிப்பு என்பதாலேயே அதை மறுக்கக்கூடாது, அது தொழில்நுட்ப விளைவையோ பங்களிப்பையோ தருகிறதா என்று பார்க்க வேண்டும் என்றது. நெட்வொர்க்கில் தரவு இழப்பு குறைவதும், யு.பி.எஃப்.-இன் சேமிப்பிடம் நிரம்பாமல் காக்கப்படுவதும் தொழில்நுட்ப விளைவுகளே. ஆனால் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மாற்ற நேரத்தைக் கணிக்கும் சூத்திரத்தை உரிமைக்கோரலின் நடுவில் வைத்தீர்களானால், அது அல்காரிதம் என்று படிக்கப்படும். கணிப்பை ஒரு சொற்றொடரில் முடித்துவிட்டு, அதன் விளைவாக என்4 வழியாக விதி போவதையும், அந்த விதிப்படி பாக்கெட்டுகள் பிரிந்து செல்வதையும் விரிவாக எழுதுங்கள். உரிமைக்கோரல் பாக்கெட்டுகள் போகும் பாதையில் முடிய வேண்டும், கணக்கில் முடியக்கூடாது.

காலக்கெடுவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆய்வறிக்கை வெளியான தேதியிலிருந்து 6 மாதங்களுக்குள் பதில் போக வேண்டும். அந்தக் கெடு முடிவதற்குள் படிவம் 4 கொடுத்தால் மேலும் 3 மாதம் கிடைக்கும். பதிலே தராவிட்டால் பிரிவு 21(1)-இன்படி விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும், அதற்கு எதிராக மேல்முறையீடும் கிடையாது. உங்கள் பதிலில் காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் நிறைவடையாவிட்டால் விசாரணைக்கு அழைப்பார். அது வீடியோ வழியாக நடப்பதால் சென்னைக்குப் பயணம் தேவைப்படாது. உங்களில் ஒருவர் முகவருடன் சேர்ந்து உட்காருங்கள், எழுத்து வடிவ வாதத்தை விசாரணை முடிந்த 15 நாட்களுக்குள் அனுப்புங்கள். அங்கும் மறுக்கப்பட்டால், பிரிவு 117ஏ-இன் கீழ் 3 மாதத்துக்குள் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகலாம். நீங்கள் கேரளத்தில் இருந்தாலும் விண்ணப்பம் சென்னை அலுவலகத்துக்குரியது என்பதால் அங்கேதான் போக வேண்டும்.

கடைசியாக, பிறகு செய்த மேம்பாடு. ஒரே நேரத்தில் இரண்டு ஆம்புலன்ஸ்கள் எல்லையைக் கடக்கும்போது சேமிப்பிடத்தை அவற்றுக்கிடையே பங்கிடும் முறை என்று எழுதியிருக்கிறீர்கள். அது முதல் விவரக்குறிப்பில் இல்லாததால், இந்த விண்ணப்பத்துக்குள் எந்தத் திருத்தத்தின் வழியாகவும் நுழைக்க முடியாது. நுழைக்க முயன்றால் மற்றத் திருத்தங்களின் மீதும் ஐயம் படியும். அதற்குப் பிரிவு 54-இன் கீழ் சேர்க்கைக் காப்புரிமைக்கு, அதாவது முதன்மைக் கண்டுபிடிப்பின் மேம்பாட்டுக்குத் தரப்படும் காப்புரிமைக்கு, விண்ணப்பியுங்கள். முதன்மைக் கண்டுபிடிப்பு ஏற்கெனவே வெளியாகிவிட்டது என்பதை மட்டும் காட்டி, புத்தாக்கப் படி இல்லையென்று அதை மறுக்க முடியாது என்ற பாதுகாப்பைப் பிரிவு 56 தருகிறது. அதற்குத் தனியாகப் புதுப்பிப்புக் கட்டணமும் இல்லை, ஆனால் முதன்மைக் காப்புரிமையின் ஆயுள் முடியும்போது அதுவும் முடியும். முதன்மைக் காப்புரிமை வழங்கப்படும் முன் சேர்க்கைக் காப்புரிமை வழங்கப்படாது என்பதால், முதல் வேலை இந்த ஆய்வறிக்கைக்கான பதில்தான். இருந்தாலும், சேர்க்கை விண்ணப்பத்தைப் பதிவு செய்யும்வரை, பங்கிடும் முறையை எந்தக் கல்லூரிக் கருத்தரங்கிலும், எந்த முதலீட்டாளர் கூட்டத்திலும், ரகசிய ஒப்பந்தம் எழுதாமல் எந்த மருத்துவமனையிடமும் விளக்க வேண்டாம்.